முதல் நாள் பையில் நான் வைத்த தீப்பெட்டி

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று உட்காருவதும் எழுந்து போவதுமாக மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தை மட்டும் ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். துபாய்க்குப் பக்கம் அஜ்மானில் ஒரு தையல் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். கழுத்து, தோள், கை, நீளம் என்று அளவு எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் என்னை இத்தனை நாள் தடுத்தது வெட்கம். நடந்த காரியத்தில் தப்பு முழுக்க என்னுடையது.

போன வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து என் மனைவியின் தம்பி போன் செய்தார்.

"அத்தான், நம்ம கோமு வேலைக்குச் சேந்த அன்னைக்கு எண்ணெய் டாங்கு பத்தி எரிஞ்சிட்டாமே? டீக்கடையில பேசிக்கிடுதாவ."

"எவம்ல சொன்னான்?"

"ஒருத்தன் டாங்கு எரிஞ்சுதுங்கான். ஒருத்தன் பிள்ளைய போலீஸ்ல பிடிச்சு வச்சாங்கங்கான். இன்னொருத்தன், அங்க உள்ள ஆபீசர் உங்களுக்குச் சொந்தம்ங்கான்."

நான் போனை வைத்துவிட்டு மகளிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களே எழுதிடுங்கப்பா. இல்லன்னா நெக்ஸ்ட் இயர் நான்தான் கொளுத்தினேன்னு சொல்வாங்க" என்றாள். அவள் அனுமதி கொடுத்த பிறகு எனக்கு என்ன? விநாயகரைக் கும்பிட்டு ஆரம்பிக்கிறேன்.

2

கோமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, கோமதி அம்மன் சந்நிதியில் மடிப்பிச்சை கேட்டுப் பெற்றவள். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இந்த மண்ணில். தமிழ் பேசுவாள்; படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி, கல் கல்லாகத் தாண்டித் தாண்டி ஓடையைக் கடப்பது போலப் படிப்பாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் ஊரில் இன்ஜினியரிங் சீட்டு பார்க்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் எங்களுக்குத் தெரியாமல் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மூன்று தடவை நேர்முகத் தேர்வு. எடுத்தது பன்னிரண்டு பேர். அதில் பெண்கள் மூன்று பேர். மூன்றில் ஒன்று என் மகள்!

"இதுக்குப் பேரு டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பா. வாரத்துல நாலு நாள் வேலை, ஒரு நாள் கிளாஸ். நாலு வருஷத்துல டிகிரியும் வந்துடும். சாலரியும் தருவாங்க" என்றாள்.

என் மனைவி செல்வி தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். "சம்பளத்தையும் குடுத்து, படிக்கவும் வைக்கானா? எங்கயோ இடிக்கே. நல்லா விசாரிச்சியளா?"

விசாரித்தேன். எல்லாம் மெய்தான். ஒரு காகிதம் மட்டும் என்னிடமிருந்து வேண்டும் என்றார்கள். எனக்கு விசா கொடுத்தவர் ஒரு அரபி. அவர் என் கஃபீல். கோமதியின் விசா என் பெயரில். ஆகவே அவளுக்கு நான் கஃபீல்! மகள் வேலைக்கு வருவதில் தங்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று அவ்வளவு பெரிய கம்பெனி, கத்தரியும் டேப்புமாக நிற்கும் என்னைக் கேட்கிறது. டைப்பிங் சென்டரில் மலையாளப் பையன் கடிதத்தை அடித்துவிட்டு, "மாஸ்டரே, எதிர்ப்பு ஒண்ணும் இல்லல்லோ?" என்றான். "இருந்தா இப்படி பல்லக் காட்டிக்கிட்டு நிப்பேனாப்பா?" என்றேன். சந்தோஷத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி அடித்துக் கொடுத்தான்.

3

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் புதுமெஷின் முன்னால் கற்பூரம் காட்டாமல் ஊசியில் நூல் கோர்க்க மாட்டோம். நான் இந்தக் கடையில் சேர்ந்த அன்று காட்டினேன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் காட்டுகிறேன். இஸ்திரி போடும் பாகிஸ்தான்காரர்கூட அன்று பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் பொரிகடலைக்குக் கை நீட்டுவார். மெஷின் என்பது சோறு போடும் சாமி. முதல் நாளில் அதற்கு ஒரு வெளிச்சம் காட்ட வேண்டாமா?

சேருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோமதியிடம் கேட்டேன். "அம்மாடி, நீ போற எடத்துல என்னதான் இருக்கும்?"

காதில் மாட்டியிருந்த ஒயரை ஒரு பக்கம் மட்டும் கழற்றி, "டிரெயினிங் சென்டர்ப்பா. பம்ப், வால்வ்... அவ்ளோதான்" என்றாள். ஒயர் மறுபடி காதுக்குப் போய்விட்டது.

பம்ப் என்றால் எனக்குக் கிணற்று மேட்டில் இருக்கும் பம்புசெட்தான். டிரெயினிங் சென்டர் என்றால் பெஞ்சு போட்ட காலேஜ். பெஞ்சுகளுக்கு நடுவில் ஒரு பம்புசெட்டை வைத்துப் பாடம் நடத்துவார்கள் என்று என் மனதில் படம் ஓடியது. மஞ்சள் துணி ஒன்று வெட்டினேன். அம்மன் கோவில் விபூதி, ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு கட்டி கற்பூரம், பூசை அலமாரியில் இருந்த தீப்பெட்டி. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்து முடிந்து, அவள் பையின் அடியில், மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் கீழே வைத்தேன். செல்வியிடமும் மூச்சு விடவில்லை.

சீட்டில் எழுதியது இதுதான், ஒரு எழுத்து மாற்றவில்லை: "அம்மாடி கோமு, முதல் மெஷினைத் தொடும் முன் அதன் எதிரில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுக்கொள். காற்று அடித்தால் கையால் மறைத்துக்கொள். யாரும் கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல்."

4

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த காலண்டரில் ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். ஆகவே ஏழேகாலுக்குள் அவள் கம்பெனி வாசலைத் தாண்டியாக வேண்டும். அது போதாதென்று திங்கட்கிழமை கிழக்கே சூலம். கம்பெனி இருக்கும் புஜைரா எங்களுக்கு நேர் கிழக்கு.

எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடி யூசுப் பாய், கடையநல்லூர்க்காரர், தன் காரில் கூட்டிப்போக வந்திருந்தார். சூலத்தைச் சொன்னதும், "அப்பம் மேற்கால சுத்திப் போவோமாவே? நாலு தெரு தாண்டுனா கடலு. கார எறக்கிருவோம்" என்றார். பரிகாரம் உண்டு, தயிர் சாப்பிட்டுக் கிளம்பலாம் என்றேன். மகளுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி. "வண்டி ஓட்டுதவன் நாந்தானே, எனக்கு?" என்று பாய் இரண்டு கரண்டி வாங்கிக் குடித்தார்.

மலைக்குள் குடைந்த பாதையைத் தாண்டிக் கடல் தெரிந்தபோது எனக்குக் கைகால் எல்லாம் சிரித்தது. வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கட்டிடங்கள் வரிசையாக நின்றன. "இது என்ன பாய், இம்புட்டு கல்யாண மண்டபம்?" என்றேன். கோமதி பின்சீட்டில் உருண்டு சிரித்தாள். "அப்பா, அதான் டாங்க். எல்லாத்துலயும் ஆயில்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏழு பத்துக்கு அவள் வாசலுக்குள் போனாள். திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். வாசலில் கொடுத்த தலைக்கவசம் இரண்டு அளவு பெரிது. நான் தைத்ததாயிருந்தால் பிடித்திருப்பேன். ராகுகாலத்துக்கு இருபது நிமிடம் மிச்சம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

5

எதிரே ஒரு கஃபெட்டீரியாவில் டீ சொல்லி உட்கார்ந்தோம். முதல் வாய் டீ உள்ளே போகவில்லை, செல்வி போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, பூசை அலமாரில இருந்த தீப்பெட்டிய எங்க வச்சிய? பிள்ளைக்கு வெளக்கேத்தணும்லா."

"அது கோமு பையில இருக்கு. கற்பூரத்தோட. நாந்தான் வச்சேன்" என்றேன், பெருமையாக.

பக்கத்தில் யூசுப் பாய் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மாஸ்டர். எதுத்தாப்ல அந்த போர்டப் பாரும்."

வாசல் மதிலில் ஆள் உயரப் பலகை. எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும்படி படம் போட்டிருந்தது. சிகரெட், அதன் மேல் சிவப்புக் கோடு. லைட்டர், சிவப்புக் கோடு. நடுவில் எரியும் ஒற்றைத் தீக்குச்சி, அதன் மேல் எல்லாவற்றையும்விடத் தடிமனாகச் சிவப்புக் கோடு. கல்யாண மண்டபங்கள் அத்தனையும் அந்தப் பலகைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தன.

போனில் செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். "கொள்ளிய வச்சு அனுப்பிட்டியளே, பெத்த பிள்ளைக்கு!"

ஓடினேன். அந்த வயதில் நான் ஓடி நானே பார்த்ததில்லை. வாசலில் நேபாளத்துக் காவலர் கையை நீட்டித் தடுத்து, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார். "க்யா ஹுவா, சாச்சா?"

"மேரா பேட்டி... அந்தர்... பேக் மே... மாச்சிஸ்!"

என் அரைகுறை இந்தியில், மகள் உள்ளே இருக்கிறாள், பையில் மாச்சிஸ், அதாவது தீப்பெட்டி, என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு துடைத்தது போலப் போய்விட்டது. வாக்கிடாக்கியை எடுத்தார். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார வைத்துவிட்டு விதியைச் சொன்னார். உள்ளே இரண்டாவது வாசலுக்கு முன்னால் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. வேண்டாத பொருள் எது இருந்தாலும் அதில் போட்டுவிட்டால் கேள்வி கிடையாது. பெட்டியைத் தாண்டிய பிறகு அகப்பட்டால் அன்றோடு வேலை கலாஸ், முடிந்தது. ஆளுக்கு மறுபடி எந்த எண்ணெய்க் கம்பெனி வாசலும் திறக்காது.

என் மகளுக்குப் பையில் அது இருப்பதே தெரியாது. தெரியாதவள் பெட்டியில் எப்படிப் போடுவாள்?

6

அந்த நாற்காலியில் எத்தனை நேரம் இருந்தேன் என்று தெரியாது. கோமதி அம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். முதலில் நூற்றியெட்டுத் தேங்காய் என்றேன். பிறகு மொட்டை என்றேன். அம்மன் அசைவதாகத் தெரியவில்லை. தீச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று சொல்ல வாயெடுத்தவன், ஐயையோ நெருப்பு வேண்டாம் என்று பதறி, அங்கப்பிரதட்சணம் என்று மாற்றினேன்.

யூசுப் பாய் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் குனிந்தார். அவர் சிகரெட் பிடிப்பவர்.

"மாஸ்டர், நான் சொல்லுதத கேளும். அது எந்தீப்பெட்டி. கார்ல சட்டப்பையில இருந்து நழுவி பிள்ள பைக்குள்ள உழுந்துட்டு. டீ குடிக்கையில நான் தேடுனப்பம்தான் உமக்கே தெரிஞ்சுது, அவளுக்குத் தெரியாது. என்னயத் திட்டுனா திட்டிட்டுப் போறான். நான் இங்கயா வேல பாக்கேன்?"

இப்படி ஒரு மனுசனை என் கட்டிடத்திலேயே வைத்த கடவுளுக்கு நன்றி. சரி பாய் என்று சொல்லிவிட்டேன். அதையே மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் உள்ளிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். பச்சை மின்னும் மேல்சட்டை, கையில் மூடி போட்ட இரும்புத் தட்டு ஒன்று, ஒரு காகிதம்.

"நீங்கள்தானே கோமதியின்ர அப்பா? உள்ளுக்கு வாங்கோ. உங்கட சிநேகிதர் வெளியில நிக்கட்டும்."

யாழ்ப்பாணத் தமிழ். அந்த இடத்தில் தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது.

7

வாசல் ஆபீசில் என்னை எதிரே உட்கார வைத்தார். இரும்புத் தட்டின் மூடியை எடுத்தார். எலுமிச்சம்பழம், விபூதி, கற்பூரம், தீப்பெட்டி, என் சீட்டு. மஞ்சள் துணியை அழகாக மடித்து வைத்திருந்தது. அந்த மடிப்பு என் மகளுடையது.

காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இது உங்கட மகள் எழுதித் தந்தது. சிவப்புப் பெட்டியைத் தாண்டி வந்திட்டா. அதில மாற்றம் இல்லை. இனி நான் மனேஜருக்கு என்ன சொல்லுறதெண்டது நீங்கள் சொல்லுறதிலதான் இருக்கு. இது பைக்குள்ள என்னண்டு வந்தது?"

சீட்டில் தீப்பெட்டி என்ற சொல் இல்லை, அதை மட்டும் பாயுடையது என்று சொல்லிவிடலாம்; பாய் சொல்லிக் கொடுத்தது நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. இவள் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருப்பாள்? அப்பாவைக் காப்பாற்ற எதையாவது மாற்றி எழுதியிருந்தால், நான் உண்மையைச் சொன்னால் அவள் பொய்க்காரி ஆவாள். அவள் உண்மையை எழுதியிருந்தால், என் பொய் அவளைக் கவிழ்க்கும். காதில் ஒயர் மாட்டிய பிள்ளை. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்து பல வருடம் ஆகிறதே என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது.

ஆனால் சின்ன வயதில் சாமிக்கு வைத்த லட்டை எடுத்துத் தின்றுவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்னால் வந்து நின்று "நான்தான்" என்றவள் அவள். அந்தப் பிள்ளை எங்கே போயிருக்கும்? அதுவும், இவ்வளவு நேரம் அம்மனிடம் கெஞ்சிய வாயால் இப்போது பொய்யை எப்படிச் சொல்வது?

"நாந்தான் சார் வச்சேன்" என்றேன். "அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்பான்னு ஒளிச்சு வச்சேன். பம்புன்னா பம்புசெட்டுன்னு நெனச்சேன். இது என் எழுத்துதான். எம்புள்ளய விட்டிருங்க சார், என்னய என்ன செய்யணுமோ செய்யுங்க."

அவர் சீட்டை எடுத்து வாசித்தார். "முதல் மெஷினைத் தொடும் முன்..." அவர் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "காற்று அடித்தால் கையால் மறைத்துக்கொள்" என்ற இடம் வந்தபோது அவரால் முடியவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். நான் பயந்துபோய் அவரோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளுடைய காகிதத்தைத் திருப்பித் தமிழில் சொல்லிக் காட்டினார். வகுப்பில் பேனா எடுக்கப் பையைக் கவிழ்த்தபோது முடிச்சு கைக்கு வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை; வாசலில் நான் உளறியதும் அவளுக்குத் தெரியாது. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவள் எழுந்து நின்று, "என்னிடம் தீப்பெட்டி இருக்கிறது, பெட்டியைத் தாண்டிவிட்டேன்" என்று பதினொரு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். சீட்டைச் சாமி சுலோகம் என்று நினைத்தாளாம், எழுத்துக்கூட்ட நேரமில்லை. காரணம் என்ன என்று கேட்ட இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"எங்கள் வீட்டில் எந்த வேலையையும் விளக்குக் காட்டித்தான் தொடங்குவோம். அப்பா அதைத்தான் செய்திருப்பார். இது எப்படிப்பட்ட இடம் என்று நான் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது என் தவறு."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லுறியள்" என்றார் அதிகாரி. "நீங்கள் வேற கதை சொல்லியிருந்தா அவ எழுதினதையும் நான் நம்பியிருக்க ஏலாது." எழுந்துபோய் மனேஜரோடு போனில் பேசினார். அரைவாசி ஆங்கிலம், அரைவாசி அரபி. எனக்கு விளங்கியது யல்லா, அதாவது சரி நடக்கட்டும், என்ற ஒரு சொல்தான். திரும்பி வந்தார்.

"பிடிபட்ட ஆக்கள் வேற, தானா எழும்பிச் சொன்ன ஆக்கள் வேற. அவ போய்ப் படிக்கலாம். கற்பூரமும் தீப்பெட்டியும் எங்களோட. எலுமிச்சையைக் கொண்டு போங்கோ."

"விபூதி, சார்?"

"அதில என்ன பயம்? அது ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச சாமான்" என்று சொல்லி, தலைக்கவசத்தைக் கழற்றி, தானும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, மறுபடி கவசத்தைப் போட்டுக்கொண்டார்.

8

ஐந்து நிமிடம் மகளைப் பார்க்க விட்டார்கள். திட்டுவாள் என்று நின்றேன். கவசம் கண்ணை மறைக்க ஓடி வந்தாள். "அப்பா! இன்னைக்கு ஃபர்ஸ்ட் லெசனே நம்ம முடிச்சுதான்! போர்டுல வரைஞ்சு கிளாஸ் எடுக்கிறாங்க! லெமன் எதுக்குன்னு கேட்டாங்க, எனக்கே தெரியலப்பா. எதுக்கு?"

சொன்னேன். திருஷ்டிக்கு என்றேன். அன்றிலிருந்து சாயங்காலம் வந்ததும் அவள் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு வால்வ் என்றால் என்ன, அழுத்தம் என்றால் என்ன என்று தண்ணீர்ப் பாட்டிலையும் ஸ்ட்ராவையும் வைத்துக் காட்டுவாள். நான் அவளுக்குத் தமிழ் எழுத்துக் காட்டுவேன். இப்போது கடைசி வருடம். பம்புக்குள் என்ன நடக்கிறது என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போய் மொட்டை போட்டேன், தேங்காய் உடைத்தேன், பிராகாரத்தில் உருண்டேன். முதல் சுற்றிலேயே தலை கிறுகிறுத்து அம்மன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எழுந்து நின்று கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, இப்படி வேலையோடு படிப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது டாங்கைக் கொளுத்திவிடாதீர்கள். அந்த அதிகாரியை எனக்குச் சொந்தம் ஆக்காதீர்கள். அம்மன் வந்து குச்சியை ஊதி அணைத்தாள் என்றும் சேர்க்காதீர்கள். யாரும் குச்சியை உரசவே இல்லை. என்னைக் கொஞ்சம் புத்திசாலியாகக் காட்டலாமே என்று யாருக்காவது இரக்கம் வந்தால் அதுவும் வேண்டாம். அன்று இரண்டு பேர் இரண்டு அறைகளில் இருந்து ஒரே சொல்லைச் சொன்னோம். அதனால்தான் என் மகள் அந்த உள்வாசலுக்கு அப்பால் இருக்கிறாள். மூன்றாவதாகச் சொல்லப் போகிற நீங்களும் அதையே, அப்படியே சொல்லுங்கள்.